புல்லு வெட்டும் மெசினும் என் பத்து விரலும்

வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீட்டுத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு வீடு பார்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள், அந்த வீட்டில் புல்லு வெட்டும் மெசின் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரான உடுவிலில் நான் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் பிளவுஸ் தைக்கிறேன். விரல் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். இதே வேலையில் மாட்டுப்பட்டிருப்பவர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

பெட்டி திறந்த நாள்

வீட்டுக்காரி நிர்மலா கனடாவில் இருக்கிறா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை. ஒருமுறை லீவில் வந்தபோது, கூட்டிப் பெருக்கி வைத்திருந்த மண் முற்றம் முழுக்கப் புல்லுப் பதித்தா. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே சிவப்பு நிறத்தில் நாலு சில்லு வைத்த மெசின். மேலே பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருந்தது. நிர்மலா அதைச் சரித்து அடிப்பக்கத்தைக் காட்டினா. முழங்கை நீளத்தில் ஒரு இரும்புத் தகடு. இரண்டு நுனியும் கத்தி. நடுவில் ஒரேயொரு நட்.

“கூர் போய் மொட்டையாப் போனா இந்த நட்டைக் கழட்டிப் புதுசைக் கொழுவிறதுதான். மேலதிகமா மூண்டு பிளேட் வாங்கி வைச்சிருக்கிறன்.”

“ஆர் தங்கச்சி கொழுவிறது?”

அவ என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தா.

“இதிலை பயப்பிட ஒண்டும் இல்லை அக்கா. விரலை மட்டும் உள்ளுக்கை விட்டிடாதேங்கோ.”

கட்டி வைத்த கம்பி

புல்லு வெட்டுவதற்குச் சிவம் அண்ணை வருவார். அறுபதைத் தாண்டியவர், தோட்ட வேலையில் ஊறினவர். ஆனால் பிளேட்டைக் கழற்றச் சொன்னால் தனக்குக் கண் சரியாகத் தெரியாது என்பார். எங்கள் மண்ணில் கல்லுக்குக் குறைவில்லை. சில மாதத்திலேயே பிளேட் மொட்டையாகி, புல்லு அறுபடாமல் பிய்ந்து நுனி மஞ்சளாகத் தொடங்கியது. மானிப்பாயில் மெசின் திருத்துகிற கடைக்குப் போன் எடுத்தேன். கொண்டுவரச் சொன்னார்கள். ஓட்டோக்காரர் பெற்றோல் மணத்தை மோந்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்றார்.

அதனால் நானே இறங்கினேன். கைபிடியில் ஒரு கம்பி இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் ஓடும், விட்டால் நின்றுவிடும். இப்போது ஒருவரும் பிடிக்கவில்லை, மெசினும் சத்தமில்லாமல் நிற்கிறது. பிறகென்ன என்று நினைத்தேன். கிளவுஸைப் போட்டுக்கொண்டு மெசினைச் சரித்து, இடக்கையால் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஸ்பனரை இழுத்தேன். பிளேட் கொஞ்சம் சுற்றியது. எஞ்சின் ஒருக்கா “டப்” என்று இருமியது. பிளேட் என் கையைத் தட்டிவிட்டு அரைச் சுற்றுப் போய் நின்றது.

கிளவுஸில் மோதிர விரல் நுனியைக் காணவில்லை. உள்ளே விரல் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தேன். எல்லாம் மடங்கின. நகத்தில் ஒரு ஓரம் மட்டும் போயிருந்தது. அப்படியே புல்லில் குந்தினேன். அப்போதுதான் பார்த்தேன்: கம்பியைக் கைபிடியோடு சேர்த்துச் சீலைத் துண்டால் இறுகக் கட்டியிருந்தது. முந்தினநாள் பெற்றோல் முடிந்துதான் மெசின் நின்றிருக்கிறது. தாங்கியின் அடியில் கிடந்த மிச்சச் சொட்டு, நான் சரித்தபோது உள்ளே இறங்கியிருக்கிறது.

சிவம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கிளவுஸைப் பார்த்தார், சீலைத் துண்டைப் பார்த்தார்.

“அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கக் கை விறைக்குது பிள்ளை, அதுதான் கட்டினனான்.”

சுவரில் இருந்து வந்த குரல்

அதற்குப் பிறகு நான் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கையே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மெசினுக்குக் கிட்டப் போவேன். பிளேட் சுற்றாமல் இருக்க ஒரு பலகைத் துண்டைச் செருகுவேன். நிர்மலா வீட்டைச் சுற்றிக் கமரா பூட்டிய வருசம், நட் துருப்பிடித்து அசையவே மறுத்தது. ஸ்பனருக்குள் ஒரு குழாயைக் கொழுவி, முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். வீட்டில் ஒருவரும் இல்லை, வாசல் படலையும் பூட்டிக் கிடந்தது.

“அக்கா!”

என் தலைக்கு மேலே, சுவரில் இருந்து வந்தது அந்தக் குரல். நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவு நாய்கள் குரைத்தன. ஸ்பனர் வழுக்கி, விரல் மொளி பிளேட்டில் உரஞ்சித் தோல் கழன்றது.

“ஆரது?”

“நான்தான் நிர்மலா. கமராவுக்குள்ளாலை கதைக்கலாம், தெரியாதோ? நீங்கள் நட்டைப் பிழையான பக்கம் திருப்புறியள்.”

இரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கமரா எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துக் கேட்டேன்: “எப்ப துவக்கம் பாத்துக்கொண்டிருக்கிறியள் தங்கச்சி?”

“நீங்கள் மெசினைத் தொட்டுக் கும்பிட்டதிலை இருந்து.”

மறுவளமாகக் கொழுவியது

ஒரு கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு கொழுவினால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. அன்றைக்குப் பிளேட்டை மறுவளமாகக் கொழுவிவிட்டேன். மெசின் பெரிய சத்தத்தோடு ஓடியது. ஒரு புல்லும் அறுபடவில்லை. இன்னொருமுறை கழற்ற எனக்கு மனம் வரவில்லை, அப்படியே ஓடட்டும் என்று விட்டேன். சிவம் அண்ணை முற்றம் முழுக்க ஓட்டி முடித்துவிட்டு, திரும்பி நின்று நிதானமாகப் பார்த்தார்.

“வெட்டேல்லை பிள்ளை, புல்லுக்குச் சீப்பாலை தலை இழுத்து விட்டிருக்குது.”

முருங்கை மரம்

நிர்மலா மறுபடி லீவில் வந்து நின்றா. முந்தினநாள்தான் நான் புதுப் பிளேட் கொழுவியிருந்தேன். காலையில் அவ முருங்கை மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. சிவம் அண்ணை கிணற்றடிப் பக்கம் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றேன். திடீரென்று ஒரு சந்தேகம்: நட்டைக் கடைசியாக ஒருக்கா இறுக்கினேனா? அடுப்பை நிற்பாட்டினோமா என்று பாதி வழியில் பஸ்சுக்குள் வருமே, அந்த மாதிரிச் சந்தேகம். இறுக்கியதாக ஞாபகம் வரவில்லை. இறுக்காமல் விட்டதாகவும் ஞாபகம் வரவில்லை.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ!” என்று கத்திக்கொண்டு இறங்கினேன். மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நாலடி வைத்திருப்பேன், இரும்பும் இரும்பும் மோதிய ஒரு வெடிச் சத்தம்.

நான் நிலத்தில் கிடந்தேன். முகநாடி படியடிச் சீமெந்தில் இடித்தது பிறகுதான் தெரிந்தது. அங்கே சிவம் அண்ணையும் மெசினை விட்டுவிட்டுத் தலைக்கு மேல் கையை வைத்தபடி குப்புறக் கிடந்தார். அவர் கம்பியைக் கட்டுகிற பழக்கத்தை விட்டிருந்ததால் எஞ்சின் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருசம். செல் குண்டுச் சத்தத்துக்கு விழுந்து பழகின உடம்புக்கு அது தெரியவில்லை.

நிர்மலா கோப்பையைப் பிடித்தபடி எழும்பி நின்றா. அவ கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்த ஊரைவிட்டுப் போனவ.

நான் எழும்பி ஓடிப்போய் மெசினைச் சரித்தேன். நட் நான் இறுக்கியபடியே இருந்தது. “கடவுளே, என்ரை பிழை இல்லை” என்று வாய்விட்டுச் சொன்னேன். பிளேட்டில் ஒரு பக்க நுனி முறிந்து போயிருந்தது. புல்லுக்குள் இரும்புக் கட்டை ஒன்று தலை நீட்டிக்கொண்டு நின்றது. முந்தி ஆரோ ஆடு கட்ட அடித்தது. மழைக்கு மண் கரைந்து வெளியே வந்திருக்கிறது.

முறிந்த நுனியைத் தேடிப் புல்லைக் கிளறினோம். நிர்மலாதான் முதலில் கண்டா. முருங்கை மரத்தில், அவ இருந்த கதிரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, முழங்கால் உயரத்தில் அது பாதிக்கு மேல் இறங்கிக் கிடந்தது. அதைக் கண்டதும், என் பிழை இல்லை என்று சந்தோசப்பட்டது எனக்கே கூச்சமாக இருந்தது. கோப்பை இன்னும் அவவின் கையிலேயே இருந்தது. நான் போய் அதை வாங்கினேன். அவ மரத்தைப் பார்க்கவில்லை. நானும் சிவம் அண்ணையும் கிடந்த இடங்களைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றா.

“எனக்கு மட்டும் படுக்கத் தெரியேல்லை அக்கா.”

இப்போது பெற்றோல் மெசினை எடுத்துவிட்டுச் சத்தமே போடாத பற்றரி மெசின் ஒன்றைத் தந்திருக்கிறா, அதனால் பிளேட் சுற்றுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்த்துப் பயப்பட வேண்டிய வேலையும் எனக்குக் கூடியிருக்கிறது.