ஓர் அசை கூடிய சொல்

காரைக்காலில் எங்கள் அலுவலகத்தில் யாப்பு தெரிந்தவன் நான் ஒருவன்தான். பணி ஓய்வு விழாக்களுக்கு வெண்பா எழுதிக் கொடுத்தே அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

எதிர் மேசையில் இருப்பவர் விழிதியூர்க்காரர். போன வருஷம் மனைவியை இழந்தவர். முதலாண்டு நினைவு நாளுக்கு அட்டை அடிக்கப்போவதாகச் சொல்லி, நாலு வரி எழுதிய தாளை என்னிடம் நீட்டினார்.

"ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க சார்."

முதல் இரண்டு வரிகள் காலை, வேலை என்று எதுகையோடு தொடங்கின. வெண்பா என்று நானே முடிவு செய்துகொண்டு, சிவப்புப் பேனாவால் சீர் பிரித்தேன். மூன்றாவது வரியில் 'சாப்பிட்டீங்களா' என்று ஒரு சீர்.

"சாப், பிட், டீங், களா. நாலசை. வெண்பாவுல மூணு அசைக்கு மேல வராது சார்," என்றேன், பிரிவு முழுக்கக் கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'உண்டீரோ' என்று எழுதினேன். தளை சரியாக உட்கார்ந்தது.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ இப்படிப் பேச மாட்டாளே சார்."

"கவிதையில அப்படித்தான் வரணும்."

"சரிங்க சார். உங்களுக்குத் தெரியாததா," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நினைவு நாளன்று கோவில்பத்தில் என் வீட்டிலிருந்து பைக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் அட்டைகள் அடுக்கியிருந்தன. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஒன்றை எடுத்து உறவினர்களுக்கு வாசித்துக்காட்டினாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"உண்டீரோவா? அம்மா என்னைக்குப்பா அப்படிக் கேட்டாங்க?"

"சார் இலக்கணப்படி திருத்திக் குடுத்தாரும்மா," என்று அவர் மரியாதையோடு என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் வரை தினமும் மதியம் ஒரு மணிக்கு அவருடைய செல்போன் அடிக்கும். மறுமுனையில் அந்த அம்மாள் கேட்கும் ஒரே கேள்வி என் மேசைவரை கேட்கும். பத்து வருஷம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் நாலு வரியும் எழுதியிருக்கிறார். வெண்பா என்று அவர் சொல்லவே இல்லை. அவசர வேலை இருப்பதாகப் பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் மேசைக்குப் போனேன். "தப்புப் பண்ணிட்டேன் சார். வேற அட்டை அடிச்சுத் தரட்டுமா?"

"விடுங்க சார். எல்லாருக்கும் குடுத்து முடிச்சாச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போதும் எதிரெதிரேதான் உட்காருகிறோம். விடுப்புக் கடிதத்தில் ஒற்று வருமா வராதா என்று சந்தேகம் வந்தால்கூட, எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.