வெள்ளையம்மா அழுத பெட்டி

"என்ன கதை புள்ள அது?" என்று வெள்ளையம்மா கேட்டார்.

"ஒருத்தர் செத்துப் போறாரு பெரியம்மா. பெட்டியில வச்சு எல்லாரும் அழறாங்க. விடிஞ்சதும் பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க. அவரு எந்திரிச்சு வேலைக்குப் போயிடுறாரு."

"செத்தவரா?"

"ஆமா."

"கங்காணி ஒண்ணும் கேக்கலையா?"

"லேட்டா வந்ததுக்கு ஏசுறாரு."

வெள்ளையம்மா சிரிக்கவில்லை. "அது நடக்கக்கூடியதுதான்" என்று தலையை ஆட்டினார். "பொறகு?"

"பொறகு அவரு இறப்பர் மரத்துக்கு மரம் போயி பால் வெட்டுறாரு. தப்படிக்கிறவங்க, பெட்டி தூக்குறவங்க எல்லாம் பின்னாலயே போயி, எப்ப முடிப்பாருன்னு நிக்கிறாங்க."

"இதுல நான் யாரு?"

"பொஞ்சாதி."

"அழணுமா?"

"அழணும்."

"பெட்டி உண்டா?"

"உண்டு. கரவனெல்லையில சொல்லிச் செஞ்சிருக்கு."

"அட்டையா, பலகையா?"

"பலகைதான் பெரியம்மா. மெய்யான பெட்டி."

வெள்ளையம்மா கையில் இருந்த பால் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "எவ்வளவு நேரம் அழ விடுவாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிசம் இருக்கும்."

"அது பத்தாதே" என்றார். பால் நிறுக்கும் இடத்தில் அவருடைய முறை வந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "வாறேன்னு சொல்லு அந்த மாத்தயாகிட்ட" என்றார்.

மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்று அவர் சொன்னது இந்துனிலை. கொழும்பிலிருந்து நான்கு நண்பர்களையும் ஒரு கமராவையும் கூட்டிக்கொண்டு வந்து, கேகாலை மாவட்டத்தில் ஒரு இறப்பர் தோட்டத்தில் தன் முதல் படத்தை எடுத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. படமோ முழுக்கத் தமிழில் பேச வேண்டியது. பத்தாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு சிங்களத்திலும் படித்தவள் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. நடிக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. பெரட்டு என்பது காலையில் ஆட்களை அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே தினமும் ஏசுகிற கங்காணி பவுலே படத்திலும் கங்காணியாக ஏசினார். எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் ஏற்கவில்லை. "இப்படி மரியாதையா ஏசினா எவன் மலைக்குப் போவான்?" என்று சொல்லிவிட்டுத் தன் சொந்தச் சொற்களையே பயன்படுத்தினார். செத்தவனாக நடித்தது கரவனெல்லையில் ஆட்டோ ஓட்டும் கிருஷ்ணராஜ். படுத்திருக்கிற வேலை என்று நம்பித்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

வெள்ளையம்மா கித்துல்கல பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தார். அவரும் கணவரும் அடுத்தடுத்த மலைகளில் பால் வெட்டினார்கள். கணவர் தன் மரங்களை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து, மிச்சமிருக்கும் சிரட்டைகளின் பாலை வாளியில் ஊற்றிக் கொடுப்பாராம். பேசிக்கொள்ள மாட்டார்களாம். "பேசிக்கிட்டே ஊத்தினா பால் சிந்தும்" என்று காரணம் சொன்னார் வெள்ளையம்மா. ஒரே மகன் தினேஷ். கொழும்பில் கடையில் நிற்கிறான். கணவரைக் குறிப்பிடும்போது 'தினேஷ் அப்பா' என்பார், இல்லாவிட்டால் 'அவங்க' என்பார். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர் வயதுப் பெண்களிடம் இங்கே கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வெசாக் வரும் மே மாதத்து மழையில் மேல் டிவிசனில் மண் சரிந்தது. வெள்ளையம்மா அன்று காய்ச்சலாகக் கிடந்த மகனோடு கரவனெல்லை ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது அவர்களுடைய வரிசை வீடுகளான லயம் நின்ற இடத்தில் லயம் இல்லை. பலரைத் தோண்டி எடுத்தார்கள். மழை விடாமல் பெய்து மறுபடியும் மண் இறங்கியதால் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தினேஷ் அப்பா கிடைக்கவில்லை.

உடம்பு இல்லாதபடியால் பெட்டி வரவில்லை. பெட்டி வராத வீட்டில் உட்கார்ந்து அழ யாரும் கூடவில்லை. அதற்குள் யாரோ ஒருவர் கணவரைக் கொடகவெல பஸ் நிலையத்தில் கண்டதாகச் சொன்னார். கணவரின் அண்ணன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தம்பி தலையில் அடிபட்டு, நினைவு தப்பி எங்கோ இருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. "உசிரோட இருக்கிறவனுக்குக் கருமாதி செஞ்சா அது அவனக் கொல்றது மாதிரி" என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் மூத்தவர் சொன்ன பிறகு யாரும் மீறவில்லை. வெள்ளையம்மா பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார். கல்யாண வீட்டில் அவரை ஆரத்தி எடுக்கக் கூப்பிட மாட்டார்கள், இழவு வீட்டில் விதவைகளோடு உட்காரவும் விட மாட்டார்கள். எங்கே போனாலும் கதவு ஓரமாக நின்றுவிட்டு வருவார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியும். பெட்டி உண்டா என்று அவர் கேட்டதன் காரணமும் ஓரளவுக்குப் புரிந்தது.

படப்பிடிப்பு மழையை நம்பி நடந்தது. சாதாரணமாகப் படம் எடுப்பவர்கள் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். எங்கள் நடிகர்கள் மழைக்குத்தான் வருவார்கள். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினால் தண்ணீரோடு வழிந்துவிடும். அதனால் மழைக் காலையில் மட்டும் எல்லோரும் கையோய்ந்து இருப்பார்கள். இந்துனில் விடிவதற்கு முன்பே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூறல் விழுந்தால் கமராவை உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடுவோம். படத்தில் ஒரு காட்சியில்கூட வெயில் இல்லாததன் காரணம் இதுதான்.

அழுகைக் காட்சியும் அப்படி ஒரு காலையில்தான் எடுத்தோம். லயத்துக்கு முன்னால் பெட்டியை இரண்டு நீண்ட மர வாங்குகள் மேல் வைத்தார்கள். கிருஷ்ணராஜ் வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி ஏறிப் படுத்தார்.

"பலகை குத்துது. செத்தவனுக்கு ஒரு தலகாணி குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

"வாய மூடுய்யா. பொணம் பேசக்கூடாது" என்றார் கங்காணி பவுல்.

"இன்னும் சாவல கங்காணி. மாத்தயா சொன்னதுக்குப் பொறகுதான் சாவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தப்புக்காரர்களின் தலைவர் ஸ்ரீதரன் தப்பின் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா மட்டும் பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு, பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இந்துனில் என்னிடம் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அழ வேண்டும், தப்பு வேகமெடுத்ததும் கிருஷ்ணராஜ் எழுந்து உட்காருவார், அதைக் கண்டு திகைத்து நிற்க வேண்டும். சரி என்றார்.

தப்பு தொடங்கியது. வெள்ளையம்மா பெட்டியில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, எல்லா இழவு வீட்டிலும் கேட்கிற சொற்கள்தான். பிறகு சுடுதண்ணீர் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னார். வாளி ரெண்டும் கழுவி வச்சிருந்தேனே என்றார். அதற்குப் பிறகு, "பழனியாண்டி" என்று கூப்பிட்டார்.

படத்தில் செத்தவனின் பெயர் முனியாண்டி.

இந்துனிலுக்கும் அவர் நண்பர்களுக்கும் எதுவும் விளங்கவில்லை. ஆனால் சுற்றி நின்ற தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். ஸ்ரீதரனின் குச்சி ஒரு அடி தவறியது, பிறகு அவரே சமாளித்து அடித்தார். தப்பு வேகமெடுத்தது. கிருஷ்ணராஜ், சொன்னபடி, பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்தார்.

வெள்ளையம்மா அவருடைய நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளினார்.

"படு. இன்னும் அழுது முடிக்கல."

கிருஷ்ணராஜ் படுத்துவிட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். அவருடைய மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கம் தண்ணீர் இறங்கியதை நான் கண்டேன், அது மழையாகவும் இருக்கலாம். வெள்ளையம்மா அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, "இப்ப எந்திரிக்கலாம்" என்றார்.

இந்துனில் மகிழ்ச்சியில் கைதட்டினார். இப்படி ஒரு நகைச்சுவையை எழுதி எடுக்கவே முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். நான் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய், நடந்தது என்னவென்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் ஸ்ரீதரன் வந்துவிட்டார். "புள்ள, மாத்தயாகிட்ட சொல்லு. ஒப்பாரி வச்ச பெட்டிய இனி வெறுமனே திருப்பிக் கொண்டுபோவக்கூடாது. லயத்து வாசல்ல அழுதாச்சு, தப்படிச்சாச்சு. பெட்டி குழிக்குத்தான் போவணும்."

நான் சொன்னேன். இந்துனிலுக்கு முகம் மாறிவிட்டது. மலையேறும் காட்சிகள் முழுவதும் பாக்கி இருந்தன. பெட்டி இல்லாமல் அவற்றை எடுக்க முடியாது. "படம் முடிந்த பிறகு புதைக்கலாமா என்று கேளுங்கள்" என்றார்.

"அதுவரைக்கும் யாரு வீட்டுல வைக்கிறது?" என்று கேட்டார் ஸ்ரீதரன். "இந்த மாத்தயா வீட்டுலயா?"

யாரும் வெள்ளையம்மாவிடம் கேட்கவில்லை. அவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இந்துனிலிடம் நேராக, சிங்களத்திலேயே பேசினார். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது நன்றாகவே வரும். ஏழு வருஷமாக ஒரு பெட்டிக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். ஐயா தந்தால் கொண்டுபோவேன், தராவிட்டால் கோபமில்லை, இது உங்கள் பலகை என்றார். அவர் கெஞ்சவில்லை. இந்துனில் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ஹரி அம்மே" என்றார். சரி அம்மா என்று, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் வைக்க அவரிடம் கணவருடைய எதுவும் இல்லை. உடுப்பு, கத்தி, செருப்பு எல்லாம் மண்ணுக்குள். பிறகு கங்காணி பவுல் ஒரு பால் வாளியை எடுத்துக்கொண்டு மேல் டிவிசன் பக்கம் நடந்தார். இன்னும் சிலர் ஆளுக்கொரு வாளியோடு பின்னால் போனார்கள். இப்போது காடாகிப்போன அந்தச் சரிவிலிருந்து ஈர மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பெட்டியை நிரப்பினார்கள். தூக்க ஆள் போதவில்லை. கிருஷ்ணராஜ் நெற்றிக் காசைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார்.

"வாழ்க்கையில எனக்கு வந்த ஒரே பெட்டி, அதையும் நானே தூக்குறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் தோட்டத்துச் சுடலையில் குழி வெட்டி, மண்ணோடு பெட்டியை இறக்கினார்கள். கமரா உறைக்குள் இருந்தது. கணவரின் அண்ணன் வரவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. திரும்பும் வழியில் வெள்ளையம்மா ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பொட்டு அந்தத் தண்ணீரோடு போனது. அவர் அதைக் கையால் தொடவில்லை.

மிச்சப் படத்தை இந்துனில் பெட்டி இல்லாமலே எடுத்தார். நான்கு பேர் தோளில் ஒன்றுமில்லாமல், ஆனால் கனமான ஒன்றைத் தூக்குகிறவர்கள் மாதிரி சரிந்து நடந்து, பால் வெட்டுகிற பிணத்தின் பின்னால் மலையேறுவார்கள். ஒரு நாள் உண்மையாகவே தூக்கியிருந்தபடியால் அந்த நடை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் காட்டியபோது அந்த இடத்துக்குப் பலமாகச் சிரித்தார்கள். "படு, இன்னும் அழுது முடிக்கல" என்பதற்கு அதைவிடப் பலமாகச் சிரித்தார்கள். வெள்ளையம்மா அன்று வரவில்லை. மழை இல்லை, வெட்டு இருந்தது.

கணவரின் அண்ணன் இன்னும் கொடகவெல போய்வருகிறார். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பாராம். வெள்ளையம்மா அதற்காக அவரை எதுவும் சொல்வதில்லை. போகும் நாளில் சோறு கட்டிக் கொடுக்கிறார்.

கொழும்பில் காட்டுவதற்கு முன்னால், படத்தின் அடியில் வசனங்களுக்குச் சிங்கள எழுத்துப் போடும் வேலையும் என்னிடம் வந்திருந்தது. அழுகைக் காட்சியில் பெயர் குழப்புகிறது, பார்ப்பவர்கள் இவர் யாரென்று கேட்பார்கள், எழுத்தில் மட்டும் முனியாண்டி என்று போட்டுவிடலாமா என்று இந்துனில் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெள்ளையம்மாவிடம் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று அவரே சொன்னார். நான் தோட்டத்துக்குப் போனபோது அவர் அன்றைய வெட்டை முடித்துவிட்டு, மரத்தில் உறைந்திருந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்பதையும் சொன்னேன்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் புள்ள. சிரிப்புப் படம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க" என்றார். "பேர மட்டும் மாத்தாத. நான் அதுக்கு முன்னால சொன்னதில்ல, இனியும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு எடத்துல நீ ஒழுங்கா எழுதிப் போடு."