பாவாயி கைமாற்றாகத் தந்த எட்டு மீன்

சோற்றில் கை வைக்கும் முன் ஞானதாஸ் வலக்கையை முகர்ந்து பார்ப்பார். கழுவிய கைதான், இருந்தாலும் முகர்வார். ஒன்பது வருஷமாக இசபெல்லா அதைப் பார்த்துக்கொண்டே கணவருக்குப் பரிமாறினாள். ஏன் என்று கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

சேலத்தில் மலேரியா ஒழிப்பு வேலையில் அவர் சேர்ந்தது ஐம்பத்தொன்றில். கிணறுகளில் மீன் விடவேண்டும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் முண்டக்கண்ணி மீன்கள். நீர்ப்பரப்பிலேயே நின்று கொசுப்புழுவைத் தின்னும். கொல்லையில் ஏழு தாழிகளில் வளர்த்தார். தேங்காய் நாரைத் தொங்கவிட்டால் அதில் முட்டை ஒட்டும். உடனே நாரை வேறு தாழிக்கு மாற்றவேண்டும். தாமதித்தால் பெரிய மீன்களே தின்றுவிடும்.

நாமக்கல் பக்கத்து உப்புக் கிணறுகளில்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை. விட்ட மூன்றாம் நாள் மீன் செத்து மிதக்கும். புதுச்சத்திரத்தில் பாவாயி என்பவளின் கிணற்றில் மட்டும் பிழைத்து, ஐந்து வருஷம் குஞ்சு பொரித்தன. ஐம்பத்தெட்டு கோடையில் அவள் கிணற்றைத் தூர் வாரியபோது எஞ்சியவை எட்டு. உப்பைத் தாங்கும் அந்த வம்சத்தைப் பெருக்க ஞானதாஸ் கேட்டார்.

"கைமாத்தாக் கொடுங்க. ஐப்பசி மழைக்கு நூறாத் திருப்பித் தாரேன்."

"மீனைக் கைமாத்து கேக்கற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்," என்று பாவாயி சிரித்தாள். "கொண்டு போங்க சாமி. எம்புள்ள காச்சல்ல படுக்காம இருக்கறது இதுகளாலதான். கொழம்பு வெச்சுப்போடாதீங்க!"

ஆவணியில் அவரை மருந்தடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு சாயங்காலம் டி.டி.டி. அடித்துவிட்டு வந்து சைக்கிளை நிறுத்தியவரிடம், "என்னங்க, நார் பூரா முட்டை! ஓடியாங்க, தின்னுடப்போகுது," என்று கூவினாள் இசபெல்லா. அவர் கை கழுவாமலே ஓடினார். தாழி தாழியாகக் கைவிட்டு நாரை மாற்றினார்.

விடிந்தபோது மீன் எல்லாம் மல்லாந்து கிடந்தன. மாற்றிய நாரிலும் ஒன்றும் பொரிக்கவில்லை. அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். அவள் கூப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பிறகு ஏரி மீனைப் பிடித்துவந்தார். பாவாயியின் கிணற்று நீரைத் தகர டின்னில் சுமந்துவந்து, வாரம் ஒரு சொம்பு கூட்டிப் பழக்கினார். பாதிக்குப் பாதி வரை தாங்கின, அதற்குமேல் செத்தன. மறுபடி முதலிலிருந்து.

"ஏனுங்க, எங்கூட்டு மீன் எப்பங்க வரும்?" என்பாள் பாவாயி.

"அடுத்த மழைக்குங்க."

செத்துவிட்டன என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அறுபத்திரண்டில் பாவாயியின் மகள் காய்ச்சலில் போனாள். என்ன காய்ச்சல் என்று யாரும் சோதிக்கவில்லை. அதன்பின் பாவாயி கேட்பதை விட்டாள். டின்னை மட்டும் நிரப்பிக் கொடுத்தாள்.

அறுபத்தேழு மாசியில் ஞானதாஸ் இறந்தார். துக்கத்துக்கு வந்த பாவாயி கொல்லைக்குப் போய்த் தாழிகளை எட்டிப் பார்த்தாள்.

"இதுல நம்முளுது எதுங்க?"

"எட்டும் அந்த வருஷமே செத்துப்போச்சும்மா," என்றாள் இசபெல்லா. "மருந்தடிச்சுட்டு வந்தவரை நாந்தான் அவசரப்படுத்திக் கூப்பிட்டேன்."

பாவாயி நிமிரவில்லை. தாழியில் நீந்திய ஏரி மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கிணற்றுக்கு வரவேண்டிய நூறு மீன் வராமலே போயிற்று.