எண்ணெய் படக்கூடாத வளையம்

எங்கள் தோட்டத்தில் குளிப்பாட்டப்பட்ட உயிர்களில் மிகுந்த கவனத்தோடு குளிப்பாட்டப்பட்டது சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள்தான். அதற்கு உயிர் இல்லை என்பது எனக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. எட்டு வயது.

சித்தப்பா கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். எங்கள் தோட்டம் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். இரவு ஷிப்டு முடிந்தால் பஸ் கிடையாது. பாதித் தூரம் பருத்தி வண்டியிலும் மீதித் தூரம் நடையுமாக அவர் வந்து சேரும்போது நாங்கள் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருப்போம். ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டியைச் சித்தப்பா வாங்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் அப்பாரு நம்பிய காரணம் வேறு. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்று அழைப்போம். இளைய மகன் மண்ணை விட்டுவிட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டான் என்பது அவர் முடிவு. வண்டி அதற்குச் சாட்சி.

வண்டி வந்த அன்று அதன் சத்தத்தில் எருமை பால் போசியை உதைத்துக் கவிழ்த்தது. காளை கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. அப்பாரு போய் அதைப் பிடித்து வந்து கட்டினார்.

"தை வரைக்கும் நிக்கட்டும். பொங்கல் கழிஞ்சா ஒண்ணு அது இருக்கோணும், இல்லாட்டி என்ற மாடு இருக்கோணும்" என்றார்.

'அது' என்பதுதான் அவர் வண்டிக்கு வைத்த பெயர். ஒருநாளும் கையால் தொட்டதில்லை. வேப்பமரத்தடியில் அது நிற்கும்போது மரத்தைச் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் சொன்ன சொல்லை மறக்கிறவரில்லை. மார்கழி முடியும் முன்பே உக்கடத்திலிருந்து ஒரு வியாபாரியை வரச்சொல்லி வண்டியைக் காட்டிவிட்டார். பொங்கல் கழிந்து வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

சித்தப்பாவோ ஞாயிறு தவறாமல் வண்டியைக் கழுவினார். நான் கூடவே இருந்தேன்.

வண்டி வந்து நின்றதும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது முதல் சட்டம். சூடாக இருக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல் சித்தப்பா புறங்கையால் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். ஆறியிருந்தால்தான் வாளியை எடுக்க விடுவார். பெட்ரோல் குழாயை மூடுவார். நெருப்புப்பொறி உண்டாக்கும் மேக்னட்டோவுக்குள் ஈரம் போகாமல் பழைய ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டுவார். காய்ந்த மண்ணைத் தேய்க்கக் கூடாது; மணல் பெயின்ட்டைக் கீறிவிடும். முதலில் நனைத்து ஊறவிட வேண்டும். பிறகு பூந்திக்கொட்டை நுரையைத் தொட்டு மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். டேங்க்குக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. இரண்டையும் நான் ஒருமுறை மாற்றிவிட்டதற்கு, சோற்றுக் கரண்டியைச் சாணியில் போட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சங்கிலிக்கு மண்ணெண்ணெய், அந்தத் துணி அடுப்பங்கரைப் பக்கம் வரவே கூடாது. விளக்கைச் சுற்றியிருந்த நிக்கல் பூச்சுக்குச் சலித்த திருநீறு.

"சாமிக்கு இல்லாத திருநீறு உங்க வண்டிக்குப் போவுது" என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள்.

"சாமியுமுங்க, இந்த வண்டியுமுங்க, ரெண்டும் சேந்துதான் என்னைய உசுரோட ஊட்டுக்குக் கொண்டாந்து உடுது" என்பார் சித்தப்பா.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. வண்டியின் பின் சக்கரத்தில், கம்பிகளை ஒட்டி ஒரு இரும்பு வளையம். காலால் மிதித்தால் ஒரு கட்டை வந்து அந்த வளையத்தை அழுத்தும், வண்டி நிற்கும். அதுதான் பிரேக். முன் சக்கரத்துக்கும் ஒரு பிரேக் உண்டு என்று சொல்வார்கள், அது பேருக்கு. சங்கிலியைத் தொட்ட விரலோடு நான் ஒருநாள் அந்த வளையத்தைப் பிடித்துவிட்டேன். சித்தப்பா என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். புறங்கையில் ஒரு தட்டு.

"இதுல எண்ணெ பட்டா வண்டி ஓடும் கண்ணு, நிக்காது. ஓடறதுக்கு அதுல ஆயிரம் சாமான் இருக்குது. நிக்கறதுக்கு இது ஒண்ணுதான்."

கழுவி முடித்ததும் உடனே ஏறி உட்கார மாட்டார். வாசலில் கையால் தள்ளிக்கொண்டு போய் பிரேக்கைக் கையாலேயே அழுத்திப் பார்ப்பார். ஈரம் காய்ந்து கட்டை கவ்வுகிற வரை நடத்துவார். நின்ற பிறகுதான் ஓட்டுவார்.

பட்டிப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் மாடுகளுக்கான பொங்கல் அது. மாடு கட்டும் பட்டிக்குள் சாணத்தால் கரை கட்டி, நீர் நிரப்பி, ஆவாரம்பூ போட்டுச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்வார்கள். சாயங்காலம் பூசை முடிந்து கன்றுக்குட்டியை அதில் இறங்கி மிதித்துப்போகச் செய்வார்கள். தட்டு அடித்துக்கொண்டு, பட்டி பெருகட்டும் என்று எல்லோரும் சத்தம் போடுவோம். பட்டியில் சேர்ந்த இளம் உருப்படி எதுவும் இந்தச் சடங்குக்குத் தப்பியதில்லை.

அன்று காலையிலேயே சித்தப்பா வண்டியைக் கழுவி வைத்துவிட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். மறுநாள் கழித்து உக்கடத்துக்காரர் வருகிறார் என்பது எனக்கும் தெரியும். சாயங்காலம் பூசைக்கு முன், கோழி ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்ளும்படி என்னை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அப்பாரு மாடுகளை முடித்துவிட்டு வந்தார். கொம்பு சீவி, வண்ணம் பூசி, கொம்புக்கும் குளம்புக்கும் விளக்கெண்ணெய் தடவியிருந்தார். கிண்ணத்தில் எண்ணெய் மீதி இருந்தது. வழக்கம்போல் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பியவர், நின்றார். வண்டியைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார், என்னை அவர் ஓர் ஆளாகக் கணக்கில் வைக்கவில்லை. பிறகு கிண்ணத்தில் கையை நனைத்து வண்டியின் கைப்பிடியில் தடவினார். இடது கொம்பு, வலது கொம்பு. டேங்க்கை முதுகைத் தடவுவதுபோல் தடவினார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். குனிந்து டயருக்குத் தடவினார். அந்த வளையத்தின் முன் உட்கார்ந்தார். வண்டி முழுவதிலும் பெயின்ட்டோ பூச்சோ இல்லாமல் வெறும் இரும்பாக இருந்தது அது ஒன்றுதான்.

"இத யாரும் கவனிக்கறதே இல்ல போலிருக்குது. வறண்டு கெடக்குது, பாவம்" என்றார்.

அதற்கு மட்டும் இரண்டு கை எண்ணெய். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, ஓரிடமும் விடாமல், கட்டையையும் சேர்த்து.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். சித்தப்பா ஈரத் தலையோடு வந்தார். அதற்குள் அப்பாவும் அம்மாவும் வாசலுக்கு வந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இருந்தார்.

"பாருப்பா" என்றார் அப்பாரு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் ஊட்டு உருப்படியாட்ட இருக்குது."

சித்தப்பா வளையத்தைப் பார்த்தார். அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு விரல் பட்டதற்கு எனக்கு அடி விழுந்தது. இதற்கு என்ன விழும் என்று காத்திருந்தேன்.

"நல்லா இருக்குதுங்க ஐயா" என்றார் சித்தப்பா.

நான் வாயைத் திறந்தேன். அவர் கை என் தலைமேல் வந்து அழுத்தியது. "நீ போயித் தட்டு எடுத்துட்டு வா அம்மணி."

அதோடு முடியவில்லை. அப்பாருவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏறி உக்காரு. அப்படியே முடுக்கிப் பட்டிக்குள்ள ஓட்டியா. அதும் மிதிக்கட்டும் தெப்பக்குளத்த."

வேப்பமரத்திலிருந்து பட்டிக்கு இறக்கம். இறக்கத்தின் கீழே தெப்பக்குளம். அதைச் சுற்றிக் கன்றுக்குட்டிகள், பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைகள், பொங்கல் பானையோடு பெண்கள். நிற்காத வண்டி அங்கே போய் எதில் நிற்கும் என்பதை எட்டு வயதிலும் கணக்குப் போட முடிந்தது.

சித்தப்பா அவசரப்படவில்லை. தலையைத் துவட்டி, துண்டை இடுப்பில் கட்டினார்.

"ஏனுங்க ஐயா, கன்னுக்குட்டி மேல ஏறி உக்காந்தா நாம தெப்பக்குளத்துக்கு வாறோம்?"

அப்பாரு யோசித்தார். "இல்ல."

"கைல புடிச்சுத்தானுங்க கூட்டியாறோம். இதுக்கும் இது மொத வருசம். சத்தம் போட்டா மத்த மாடெல்லாம் மெரளும். கவுறு போட்டுக் கூட்டியாறனுங்க."

"அதுஞ் சரிதான்" என்றார் அப்பாரு. மாட்டு முறையைத் தன் மகன் இன்னும் மறக்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மாடுகளுக்கு வாங்கிய புதுக் கயிற்றில் ஒன்றை எடுத்து வண்டியின் பின்பக்கம், கேரியரில், சித்தப்பா இறுக்கிக் கட்டினார். மறுநுனியை அப்பாவிடம் கொடுத்தார்.

"அண்ணா, பொறத்தால இழுத்துப் புடிச்சுக்குங்க. மொரட்டுக் கன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "மூக்கு முன்னால இருக்க, வாலுல கவுறு கட்டறது இந்த ஊட்டுலதான் பாக்கறேன்" என்றார். "இதுக்கு மூக்கு பொறத்தாலதானுங்க" என்றார் சித்தப்பா. அப்பா சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தார். இறக்கத்தில் கால் வைத்ததும் அவர் சிரிப்பு நின்றது. குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்துகொண்டார். முன்னால் சித்தப்பா இரண்டு கொம்பையும் பிடித்து, முழங்காலை டேங்க்கில் கொடுத்துத் தடுத்தபடி இறங்கினார். வண்டி சாதுவாக, அரசாங்க ஊர்வலம்போல் இறங்கி, தெப்பக்குளத்தில் முன் சக்கரத்தை வைத்து, ஆவாரம்பூவை நசுக்கிக்கொண்டு அக்கரை ஏறியது. நான் தட்டை அடித்தேன். ஆனால் மனசு ஒட்டவில்லை. சித்தப்பா பயந்துவிட்டார் என்று தோன்றியது.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வண்டியை முடுக்கவில்லை. மாடு மிரளும் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனார். சோற்றுப் போசியை மறந்துவிட்டார் என்று அம்மா என்னை அவர் பின்னால் ஓடவிட்டாள். இருபுறமும் கள்ளிவேலி அடைத்த இட்டேரியில், தோட்டத்துப் பார்வைக்கு மறைந்த வளைவில், அவரைக் கண்டேன். பெட்ரோலில் நனைத்த துணியால் வளையத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டையைக் கழற்றி, எண்ணெய் ஊறிய மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டினார். மடியிலிருந்து சாம்பல் பொட்டலம் எடுத்து வளையத்தில் தேய்த்தார். டயரைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவினார். துணியை மணலில் புதைத்தார். கைப்பிடியைத் துடைத்தார். ஆனால் டேங்க்கைத் தொடவில்லை. சந்தனமும் குங்குமமும் எண்ணெய் மினுக்கும் அப்படியே இருந்தன.

"ஏனுங்க சித்தப்பா, நேத்தே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"என்னன்னு?"

"அதுல எண்ணெ படக்கூடாதுன்னு."

"சொன்னா அவரு கைய எடுத்துக்குவாரு கண்ணு."

"எடுக்கத்தானுங்க வேணும்?"

சித்தப்பா சிரித்தார். "எண்ணெய நான் தொடச்சுக்குவேன்." வண்டியை இரண்டடி தள்ளி, பிரேக்கை அழுத்தினார். கட்டை கவ்வியது. போசியை வாங்கிக்கொண்டு, முடுக்கி, ஏறிப் போனார். பதில் எனக்குப் பதிலாகப் படவில்லை. என்னைத் தட்டத் தெரிந்தவர் அப்பாருவிடம் வாயைக்கூடத் திறக்கவில்லை என்பதில்தான் நான் நின்றேன்.

அடுத்த நாள் உக்கடத்துக்காரர் வந்தார். வண்டி வேலைக்குப் போயிருந்தது. அப்பாரு அவருக்கு மோர் கொடுத்தார்.

"பட்டியில மிதிச்ச உருப்படிய விக்கறதில்லீங்க" என்றார். "வேணும்னா சந்தையில வாங்குன ஒரு எருமை இருக்குது, பாருங்க. ஒதைக்கும்."

மறுவருசப் பட்டிப் பொங்கல். அதே வேப்பமரம், அதே கிண்ணம். இம்முறை அப்பாரு சுற்றிலும் பார்க்கவில்லை. கைப்பிடியில் தடவினார். டேங்க்கில் தடவினார். பின் சக்கரத்தருகே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். போன வருசம்போலவே வறண்டு கிடந்த வளையத்தை அப்பாரு கொஞ்ச நேரம் பார்த்தார்; சித்தப்பாவையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, உள்ளங்கையில் இருந்த எண்ணெயை என் தலையில் வைத்துத் தேய்த்துவிட்டு, பட்டியைப் பார்க்க நடந்தார்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: அப்பாருவுக்கு வயசாகிவிட்டது, சக்கரம் வரைக்கும் குனிய முடியவில்லை.

அம்மா பட்டிக்குள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வரிசையாகக் கட்டியிருந்த மாடுகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சற்று முன் அப்பாரு ஒவ்வொன்றின் காலடியிலும் குனிந்து உட்கார்ந்து தடவிய குளம்புகள், எண்ணெயில் பளபளவென்று இருந்தன. எவ்வளவு அழகு என்று மட்டும் நினைத்துக்கொண்டு, தட்டை எடுக்கப் போனேன்.