வெண்தலைச் சின்னான் ஒன்று

தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டுத்தான் கூராக்குவார் ஷென் யுன்ஷியூ அக்கா. மாலையில் உதடு கறுத்துப்போய் வீடு திரும்புவார். சூச்சௌ ஓவியக் கூடத்தில் மற்றவர்கள் பனிமலைகளை வரைவார்கள்; கடைசியில் அதில் பறவையை வைப்பது அவர் வேலை. படங்களுக்குப் பின்தாள் ஒட்டுகிற எனக்கு அடுத்த அறை.

"மலையெல்லாம் சௌகரியமா உக்காந்திருக்கு. குளிர்ல நிக்கிறது என் குருவிதானே," என்பார். அவர் பறவைகள் இறகைப் புடைத்து, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும்.

பனிக்கு எங்களிடம் நிறம் கிடையாது. வானத்தைக் கறுக்கவைத்து, காகிதத்தை வெறுமையாக விட்டால் அதுதான் பனி. அதில் ஒரு சொட்டு மை தவறி விழுந்தாலும் அழிக்க முடியாது. அதனால் யுன்ஷியூ கஞ்சம். புதிதாக வந்த ஓவியர் மூன்று காக்கை கேட்டபோது, "காக்கா கூட்டம் போடவா பனி பெஞ்சுது? ஒண்ணு போதும், போய்யா," என்று விரட்டினார்.

பதினோரு வருடங்களுக்கு முன், ஓய்வு பெறுகிற வாரத்தில், லூ ஷௌபெய் ஒரு பனிப்படம் கொண்டுவந்தார். மனைவியை இழந்தவர். யுன்ஷியூ கல்யாணமே செய்துகொள்ளாதவர். இருபது வருடம் அவர் மலைகளில் இவர் பறவைகள் நின்றிருந்தன.

படத்தில் நீளமாய் ஒரு மொட்டைக் கிளை.

"இதுல வெண்தலைச் சின்னான் வையேன், யுன்ஷியூ. எத்தனைன்னு நீயே பாத்துக்க."

தலை நரைக்கும்வரை சேர்ந்திருங்கள் என்று கல்யாண வீடுகளில் மாட்டுகிற பறவை அது. ஜோடியாகத்தான் வரைவார்கள். யுன்ஷியூ கிளையின் நீளத்தைப் பார்த்தார். ஒன்றை வரைந்தார்.

லூ வெகுநேரம் நின்றார். "நல்லாருக்கு. வெத்தெடம் கெடாம இருக்கு," என்றார். தன் பெயர் முத்திரைகூடக் குத்தாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அந்த வசந்தத்தில் தாலியனில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

"நாலு நாள் கழிச்சுத்தான் மண்டைல ஏறுச்சு தம்பி. நான் படத்தப் பாத்தேன், ஆளப் பாக்கல," என்று பின்னால் ஒருநாள் யுன்ஷியூ என்னிடம் சொன்னார்.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே அக்கா?"

"என்னன்னு? ஒரு குருவி விட்டுப்போச்சுன்னா?"

போன வாரம் லூவின் மகள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். இலையுதிர் காலத்தில் அப்பா இறந்துவிட்டார், படத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, புதிதாகத் தாள் ஒட்டித் தரவேண்டும் என்று எழுதியிருந்தாள். பழைய தாளை உரித்து, ஈரத்தோடு மேசையில் விரித்துவிட்டு யுன்ஷியூவைக் கூப்பிட்டேன்.

ஓவியன் தன் முத்திரையைப் படத்தின் ஓரத்தில்தான் குத்துவான். லூ அதைக் கிளையின் வெற்று முனையில், சின்னானுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தார். விரல்நுனி அளவு சிவப்பில் அவர் பெயர்.

யுன்ஷியூ குனிந்தார்.

"கெழவன்," என்றார்.

கொஞ்சம் பொறுத்து, "ஓரம் காயுது அக்கா. அதுக்குள்ள தாள் ஒட்டணும்," என்றேன்.

என் கையிலிருந்த நீர்த்தெளிப்பானை வாங்கி, காய ஆரம்பித்திருந்த ஓரங்களில் மறுபடி ஈரம் தெளிக்கத் தொடங்கினார்.