வார்டுக்குள் ஓர் அட்டை வேட்டை

போன வாரம் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டை வேட்டை நடந்தது. கிளப்பிவிட்டது என் அக்கா.

அக்கா பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மழையில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு நாள் வலியில் கத்திக் கத்தி தொண்டையே கட்டிவிட்டது. அன்று காலைதான் முதுகில் ஊசி போட்டு ஒப்பரேஷன் செய்திருந்தார்கள்.

மத்தியானம் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் குறுக்கு வழியில் ஏறி ஓடினேன். என்ன நிலைமையில் கிடக்கிறாளோ… ஒரே பயம். போனால், அக்கா மூக்கைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"தம்பி, உப்பு இருக்கா?"

"கஞ்சிக்கா?"

"அட்டைக்கு. கழுத்து, மூக்கு வரைக்கும் ஏறிருச்சு. வலியே இல்ல, அரிப்பு மட்டும் தாங்க முடியல. இது அட்டைதான்."

"ஆஸ்பத்திரி பெட்டுல ஏதுக்கா அட்டை?"

"கழுத்துக்கு வந்துச்சுன்னா கால் வழியாத்தானே ஏறிருக்கும்? கால்தான் மரத்துக் கெடக்கே… அங்க எத்தனை தொங்குதோ."

இந்த லொஜிக்கை யார் உடைப்பது? நான் போர்வையை உதறினேன். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா "கூடெல்லா?" என்று அட்டையின் பெயரைச் சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிக்கொண்டார். எதிர்க் கட்டிலிலிருந்து, அட்டைமேல் தேய்க்கச் சவர்க்காரக் கட்டி வந்தது. நர்ஸ் தலையணை உறையைக் கழற்றினார். அப்போதுதான் டொக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

"அட்டை இல்லம்மா, மருந்து. முதுகுல போட்ட ஊசியில மோர்பின் இருக்கு. அது வந்து ஒட்டுறதுக்கு முதுகுத்தண்டுல ரிசெப்டர்கள் இருக்கு. ஒட்டினதும் வலிச் செய்தி மூளைக்குப் போறது அடங்கிரும். ஆனா சில பேருக்கு அதுவே அரிப்பைக் கெளப்பிவிட்டுரும்."

ஆக, இந்த மருந்து, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் வலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரிப்புக்குப் பேர் போட்ட கங்காணி மாதிரி.

"அரிப்பை நிறுத்த வேற மருந்து இருக்கு," என்றார் டொக்டர். "அது மோர்பினை அங்கேருந்து தள்ளிவிடும். கொஞ்சமாத்தான் குடுப்போம். ஆனா அளவு கூடினா வலி திரும்பிரும். போடட்டுமா?"

அக்கா முகம் வெளுத்தது. அந்த இரண்டு நாளும் கண்ணில் வந்து நின்றது.

"வேணாங்க டொக்டர். அரிப்பு இருந்துட்டுப் போகட்டும். பத்து வெரலும் சும்மாத்தானே இருக்கு."

வார்டே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அக்கா வலியில்லாமல் சொறிகிறாள், வேறென்ன வேண்டும்? வலிக்கவில்லை என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம் – உள்ளே ஏதோ ஒன்று வலியைத் தடுத்துக்கொண்டு நிற்பது நமக்கு எங்கே தெரிகிறது?

இப்படி நான் தத்துவத்தில் மூழ்கியிருந்தபோது நர்ஸ் என் காலைக் காட்டினார். சொக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது. குறுக்கு வழியில் ஏறிய அட்டை, வயிறு முட்டக் குடித்துவிட்டு ஆற அமர இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு யாரும் ஊசி போடவில்லை, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா மூக்கைச் சொறிந்தபடி டொக்டரைப் பார்த்தாள்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்லங்க, வார்டுல அட்டை இருக்குன்னு."