யாருடைய பூண்டு வாடை?

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் வேதியியல் படித்து முடித்ததும் அந்த நாட்டின் வடக்கே ஒரு காட்டோரக் கிடங்கில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் கடைசி. உலகப் போர்க்காலத்தில் போட்டது போட்டபடி விட்டுப்போன விஷக் குண்டுகளை வயலிலும் குட்டையிலும் தோண்டியெடுத்து அங்கே கொண்டுவருவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது எங்கள் பாடு. அது தெரியாமல் அழிக்க முடியாது. வெளியே பூசிய அடையாளமெல்லாம் துருவோடு போயிருக்கும். சாய்த்து எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே திரவம் இருப்பது தெரியும். என்ன திரவம் என்று அந்தப் பாழாய்ப்போன படம் சொல்லாது.

நாங்கள் அதிகம் பயந்தது கடுகு வாயுவுக்கு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் கடுகும் கிடையாது, வாயுவும் கிடையாது, எண்ணெய் மாதிரி ஒரு திரவம். ஜெர்மன்காரர்கள் அதை ‘லோஸ்ட்’ என்பார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த புத்தி, ஏதோ குண்டு காணாமல் போய்விட்டது, நம் தலையில்தான் விடியப்போகிறது என்று முதல் வாரம் முழுக்க நடுங்கினேன். அது மேலே பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் கழித்துத்தான் கொப்புளிக்கும். அதற்குள் நாம் தொட்டவர்களுக்கும் ஒட்டியிருக்கும். கிடைக்கிற ஒரே எச்சரிக்கை லேசான பூண்டு வாடை. வாடை அடித்தால் மணியடித்து, எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் குளிக்க வேண்டும் என்பது சட்டம்.

பூண்டைக் கண்ணால் பார்க்காத ஊருக்கு அது சரி. மனைவி வைத்த பூண்டு ரசத்தைத் தினமும் சாப்பிட்டுவிட்டு வருகிறவனை வேலைக்கு வைத்தால்? என்னால் இரண்டு தடவை மொத்தக் கிடங்கும் குளித்தது. வேலை நாளில் பூண்டு வேண்டாமே என்றார் மேலதிகாரி. என் சோற்றில் கை வைக்க இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பூண்டை விட்டேன்.

ஒரு மத்தியானம் எக்ஸ்ரே எடுப்பவரும் நானும் ஒரு குண்டைத் தூக்கி மேசையில் வைத்தோம். கையுறையைக் கழற்றியவர் மூக்கைச் சுளித்தார். அவருக்கு வீட்டில் எட்டு மாதப் பெண்குழந்தை. போனதும் சட்டைகூட மாற்றாமல் தூக்கிக் கொஞ்சுவாராம். அதைச் சொல்லாத நாளே கிடையாது.

“இன்னிக்கும் உங்க வீட்டுச் சமையலா?” என்று சிரித்தார்.

“சத்தியமா நான் பூண்டு சாப்பிடலை.”

“வெட்கப்படாதீங்க. குழந்தைக்கு ஊசி போடணும், நான் கிளம்பணும்.”

என் சட்டைக் கையை முகர்ந்தேன். வாடை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறந்ததிலிருந்து அதிலேயே ஊறின மூக்கு; அதைக் கேட்டு என்ன பிரயோஜனம்? குண்டா, நானா? ஒரு மண்ணும் புரியவில்லை. அவரோ கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் வழியை மறித்து மணியை அடித்துவிட்டேன்.

எல்லாரும் குளித்தோம். அவருடைய சட்டை, கைக்கடிகாரம் எல்லாம் பிளீச்சிங் பவுடர் தொட்டிக்குப் போயின. காலை வரை குழந்தையைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். குண்டில் கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

“நீங்கதானே பூண்டு கூடாதுன்னீங்க? அதான் பெருங்காயத்தை ரெண்டு பங்கா போட்டேன்” என்றாள் சாவகாசமாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. படித்தது கெமிஸ்ட்ரி, பெருங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஒரே கந்தக வாடை என்பது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் பெருங்காய டப்பாவைக் கையோடு கொண்டுபோனேன். “நேத்து அடிச்ச வாடை இதுதான், மன்னிச்சுடுங்க” என்று அவர் முன்னால் திறந்து நீட்டினேன்.

முகர்ந்து பார்த்தார். “இதுவும்தான்” என்றார். சட்டைக் கையை மேலே தள்ளினார். கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் பெரிய கொப்புளம், நீர் கோத்து நின்றது.

“நேத்து வீட்டுக்குப் போனதும் பாப்பா கையை நீட்டினா. தூக்கலை. அவ அழுதா. நான் உங்களைத் திட்டிக்கிட்டே நின்னேன்.”